1729 போதும் சாமி, கொஞ்சம் 840ஐயும் பாருங்க

டிசம்பர் 22 வந்தா போதும், நம்ம மக்கள் எல்லாருக்கும் திடீர்னு கணக்கு மேல ஒரு பாசம் வந்துடும். 2011 டிசம்பர்ல சென்னையில மன்மோகன் சிங் அந்த நாளைத் தேசியக் கணித நாள்னு அறிவிச்சதுல இருந்து வருஷா வருஷம் நடக்குற திருவிழா இது. பள்ளிக்கூடத்துல ஒரு பேச்சுப் போட்டி, ராமானுஜன் படத்துக்கு ஒரு மாலை, அப்புறம் அந்தக் கதை. ஹார்டி டாக்ஸியில வந்தார், வண்டி நம்பர் 1729, சுவாரசியமே இல்லாத எண்ணுன்னு சொன்னார், படுக்கையில இருந்த ராமானுஜன் உடனே மறுத்தார், ரெண்டு கனங்களோட கூட்டலா ரெண்டு விதமா எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுதான்னு சொன்னார். 1³ + 12³, 9³ + 10³. கைத்தட்டல். பஜ்ஜி. கூட்டம் முடிந்தது.

1729 மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல எண்தான். என் கோபம் அந்தக் கதையைச் சொல்ற விதத்து மேல. அதைக் கேட்கிற எட்டாங்கிளாஸ் பையன் என்ன நினைப்பான்? "அவரு தெய்வப் பிறவி, அவருக்கு தானா தோணுச்சு. எனக்கு எங்க தோணப் போவுது?" அவ்வளவுதான். கணக்கு என்பது சாமி வந்து ஆடுறது மாதிரி, சில பேருக்குத்தான் வரும், மத்தவங்க தள்ளி நின்னு கும்பிடணும் என்கிற எண்ணத்தை அந்தக் கதை அழகா விதைச்சுட்டுப் போயிடுது.

அதனால என் கட்சி இது: சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமானுஜனைச் சொல்லணும்னா 1729ல ஆரம்பிக்கக் கூடாது. 840ல ஆரம்பிக்கணும். நியூமராலஜிக்காரங்க அவசரப்பட வேணாம், கூட்டுத்தொகை 3, குரு பகவான் எண்தான் :-) நான் சொல்ல வந்த காரணம் வேற.

எங்க ஊர் எண்

எங்க ஊர் ஜலகண்டாபுரம். சேலம் மாவட்டம், மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம் மூணுக்கும் நடுவுல. தறிச் சத்தம் இல்லாத தெரு கம்மி. எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட "என்ன நம்பர்?"னு கேட்டா போன் நம்பர் வராது, நூல் நம்பர்தான் வரும். நாப்பது, அறுபது, எம்பது, நூறு.

அந்த நம்பர் என்னன்னு தறி இல்லாத ஊர்க்காரங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கைத்தறிக்கு வர்ற நூல் சிட்டமா வரும், விசைத்தறிக்குப் பெரும்பாலும் கோன். ஒரு சிட்டம் பருத்தி நூல் என்பது 840 கெஜம். மீட்டர்ல சொன்னா 768 சொச்சம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ, அதுதான் நூலோட நம்பர். 40ஆம் நம்பர் நூல்னா ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம், அதாவது 40 × 840 = 33,600 கெஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. கோன்ல சுத்தினாலும் சரி, சிட்டமா கட்டினாலும் சரி, நம்பர் போடுறது இந்த 840ஐ வச்சுத்தான்.

இது வெள்ளைக்காரன் பருத்திக் கணக்கு. கம்பளிக்கு (வொர்ஸ்டெட்) அவனே 560 கெஜம் வச்சிருந்தான், லினனுக்கு 300 கெஜம். வெள்ளைக்காரன் போயாச்சு, பவுண்டு போயாச்சு, கெஜமும் துணிக்கடையில இருந்து போயாச்சு. 840 மட்டும் போகலை. இன்னிக்கும் இந்தியாவுல பருத்தி நூல் விலை பேசுறது அந்தக் கவுண்ட்லதான். நூற்பாலைகள் ஒரு பங்கு நூலைச் சிட்டமாத்தான் கட்டணும்னு கைத்தறிக்காக ஒரு மத்திய அரசு ஆணையே இருக்கு. 40 சதவீதமா இருந்த அந்தப் பங்கை 2019ல 30 ஆக்கினாங்க. அது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் பேசுவோம்.

சரி, 840ல அப்படி என்ன விசேஷம்?

காரணிகளை எண்ணிப் பாருங்க. 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 10, 12, 14, 15, 20, 21, 24, 28, 30, 35, 40, 42, 56, 60, 70, 84, 105, 120, 140, 168, 210, 280, 420, 840. மொத்தம் 32.

32 பெரிய விஷயமான்னு கேட்பீங்க. 1000த்துக்குக் காரணிகள் எத்தனை? 16. அம்புட்டு "ரவுண்டு" நம்பரா நாம நினைக்கிற 1000த்தைவிட சின்ன எண், ஆனா அதைப்போல ரெண்டு மடங்கு காரணி. மூணு இலக்க எண் 900 இருக்கு, அத்தனையிலும் 32 காரணி உள்ளது இது ஒண்ணே ஒண்ணுதான். 32க்கு மேல உள்ளது ஒண்ணுகூட இல்லை. நம்பிக்கை இல்லாதவங்க நாலு வரி நிரல் எழுதி ஓட்டிப் பாருங்க, ஒரு நொடிகூட ஆகாது.

இன்னொண்ணு. 1 முதல் 8 வரைக்கும் எல்லா எண்ணாலும் மீதியில்லாம வகுபடுற மிகச்சிறிய எண் 840தான். பள்ளிக்கூட பாஷையில 1 முதல் 8 வரை உள்ள எண்களோட மீ.பொ.ம. ஒரு சிட்டத்தை ரெண்டாப் பிரிங்க, மூணாப் பிரிங்க, ஏழாப் பிரிங்க, எட்டாப் பிரிங்க, கெஜக்கணக்கு முழுசா நிக்கும். 1000 கெஜம் வச்சிருந்தா மூணுலயே மூக்கறுபட்டிருக்கும்: 333.33...

நம்ம மக்கள் இந்த "நல்லா பிரியுற" எண்களை எப்பவுமே விடலை. ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். சோழமண்டலக் கரைத் துணி வியாபாரத்துல பாவு இழையை எண்ணுறதுக்குப் "புஞ்சம்"னு ஒரு கணக்கு இருந்தது. ஒரு புஞ்சம்னா 120 இழை. பத்து பத்தா எண்ணுறதுக்கு விரல் இருக்கு, வாஸ்தவம். ஆனா பங்கு போடுறதுக்கு 60, 120, 360 மாதிரி எண்கள்தான் தோது. கிரேக்கத்துல பிளேட்டோ தன்னோட "சட்டங்கள்" நூல்ல ஒரு லட்சிய ஊருக்கு 5040 குடும்பம் இருக்கணும்னு சொன்னார். ஏன்னா அதைப் பல விதமா மீதியில்லாமப் பிரிக்கலாம், வரி வசூலுக்கும் படைக்கும் வசதி. 5040 எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? சரியா ஆறு சிட்டம் கெஜம்! பிளேட்டோ எங்க ஊருக்கு வந்திருந்தா நேரா தறிக்குழியில இறங்கியிருப்பார் போல.

ராமானுஜன் இங்கதான் வர்றார்

தனக்கு முன்னாடி உள்ள எல்லா எண்ணையும்விட அதிகக் காரணி வச்சிருக்கிற எண்ணுக்குத் தமிழ்ல "மிகுபகு எண்"னு பேர் வச்சுக்குவோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040... இப்படிப் போகும். 720க்கு 30 காரணி. அடுத்த சாதனை 840ல, 32. அதை முறியடிக்க 1260 வரைக்கும் காத்திருக்கணும், 36.

இந்த எண்களைப் பத்தி 1915ல லண்டன் கணிதக் கழகத்து இதழ்ல ராமானுஜன் ஒரு கட்டுரை எழுதினார். அறுபது பக்கத்துக்கு மேல. இங்கிலாந்து போன பிறகு அவர் எழுதினதுல நீளமானது. அதை வச்சுத்தான் 1916 மார்ச்ல கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கொடுத்தது. கும்பகோணத்துலயும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலயும் எஃப்.ஏ. தேற முடியாம, துறைமுக அலுவலகத்துல மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை பார்த்த மனுஷனுக்குக் கிடைச்ச முதல் பட்டம் அது. வாங்கிக் கொடுத்தது 1729 இல்லை சாமி, 840ம் அதோட பங்காளிகளும்தான்!

கட்டுரையோட ஆரம்பத்துல உள்ள ஒரு விஷயத்தை இங்கயே பார்த்துடலாம். எட்டாங்கிளாஸ் கணக்கு போதும்.

ஒரு எண்ணைப் பகா எண்களாப் பிரிச்சா, அடுக்கு ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டி எல்லாத்தையும் பெருக்கினா காரணிகளோட எண்ணிக்கை வரும். 840 = 2³ × 3 × 5 × 7. அடுக்குகள் 3, 1, 1, 1. ஒவ்வொண்ணுக்கும் 1 கூட்டினா 4, 2, 2, 2. பெருக்கினா 32. சரிதானே?

இப்ப 54ஐ எடுத்துக்குங்க. 54 = 2 × 3³. காரணிகள் 2 × 4 = 8. ரெண்டோட அடுக்கையும் மூணோட அடுக்கையும் இடம் மாத்திப் போடுங்க: 2³ × 3 = 24. இதுக்கும் காரணி 8தான், ஆனா எண் சின்னதாயிடுச்சு. ஆக 54 எந்தக் காலத்துலயும் சாதனை எண் ஆக முடியாது, அதைவிடச் சின்ன எண்ணே அந்த வேலையைச் செஞ்சுடுதே. இதுல இருந்து கிடைக்கிற பாடம்: மிகுபகு எண்ல சின்ன பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு. 2க்கு அதிகம், 3க்கு அதுக்கு மேல போகாம, 5க்கு அதுக்கும் மேல போகாம, இப்படி இறங்கு வரிசையிலதான் நிக்கும். கடைசிப் பகா எண்ணோட அடுக்கு 1ஆத்தான் இருக்கும், 4ம் 36ம் மட்டும் விதிவிலக்கு. இதெல்லாம் சாமி வந்து சொன்னதில்லைங்க. இடம் மாத்திப் பார்த்து, சின்னதாகுதான்னு கவனிச்சு, படிப்படியா வந்தது.

720ல இருந்து 840க்கு எப்படிப் போகுதுன்னும் பாருங்க. 720 = 2⁴ × 3² × 5. அதுல ஒரு 2ஐயும் ஒரு 3ஐயும் கழட்டினா 120. அதுக்குக் காரணி 16. அப்புறம் புதுசா ஒரு 7ஐச் சேர்த்தா 840. ஏற்கெனவே 7 இல்லாத எண்ணை 7ஆல பெருக்கினா காரணிகள் அப்படியே இரட்டிக்கும். 16 இப்ப 32. பழைய ஆளையே திரும்பத் திரும்பச் சேர்க்கிறதைவிட, ஒரு கட்டத்துல புது ஆளை உள்ள விடுறது லாபம். எந்தக் கட்டத்துல என்கிறதுதான் அந்தக் கட்டுரையோட சாரம்.

ராமானுஜன் அதுல மிகுபகு எண்களோட பட்டியல் ஒண்ணும் போட்டிருக்கார். 6,746,328,388,800 வரைக்கும். கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, கையால. மொத்தம் 102 எண்கள். அதுல ஒரே ஒரு எண் விட்டுப் போச்சு: 293,318,625,600. எனக்கு ராமானுஜன் மேல பிரியம் கூடினது இந்த விட்டுப்போன எண்ணாலதான். நாமகிரித் தாயார் கனவுல வந்து மொத்தமா சொல்லியிருந்தா ஒண்ணு எப்படி விட்டுப்போகும்? உட்கார்ந்து, பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி வேலை செஞ்ச மனுஷனுக்குத்தான் ஒரு இழை நழுவும். தறியில உட்கார்ந்தவங்களுக்கு இது புரியும்.

கட்டுரை முழுசா அச்சாகவும் இல்லை. அப்போ அந்தக் கழகத்துக்குக் காசு முடை, ஒரு பகுதியை விட்டுட்டாங்க. அந்தப் பகுதியை நிக்கோலா, ரோபன் என்ற ரெண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளோட 1997லதான் வெளியிட்டாங்க. 82 வருஷம் கழிச்சு.

இதையும் சொல்லியே ஆகணும். ராமானுஜன் பிறந்தது 1887ல ஈரோட்டுல, துணிச் சந்தைக்குப் பேர் போன ஊர். அவங்க அப்பா கும்பகோணத்துல ஒரு சேலைக் கடையில கணக்கு எழுதினவர். நூலும் கெஜமும் துணியும் பேசுற வீட்டுக்குப் பக்கத்துல வளர்ந்த பையன்தான் பிற்பாடு 840 எதனால உசத்தின்னு உலகத்துக்குச் சொன்னது.

7 எதுக்குங்க அங்க?

நூல் கணக்குல இன்னும் கொஞ்சம் உள்ள போவோம். பருத்தி நூலோட பழைய வாய்ப்பாடு இது: 120 கெஜம் ஒரு லீ. 7 லீ ஒரு சிட்டம், 840 கெஜம். 18 சிட்டம் ஒரு ஸ்பிண்டில், 15,120 கெஜம். இப்ப மேல உள்ள வரிசையை நீட்டிப் பாருங்க: 5040, 7560, 10080, 15120... 120 மிகுபகு எண். 840 மிகுபகு எண். 15,120ம் மிகுபகு எண், 80 காரணி! மூணுமே! இதை முதல்ல கவனிச்சப்ப ராத்திரி பதினோரு மணி, பெங்களூர்ல பிஜி ரூம்ல தனியா உட்கார்ந்து சிரிச்சேன். பக்கத்துக் கட்டில்காரன் பயந்துட்டான்.

நியாயமாப் பேசணும்னா கம்பளிக்காரனோட 560ம் லினன்காரனோட 300ம் மிகுபகு எண் கிடையாது. பருத்திக்குத்தான் அந்த யோகம்.

அந்த 7க்கு ஒரு வேலையும் இருக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு சிட்டத்துக்கு 7 லீ. ரெண்டு பக்கமும் ஏழு அடிபட்டுப் போகும். அதாவது ஒரு லீ நூலோட எடையைக் கிரெய்ன்ல பார்த்து, 1000ஐ அதால வகுத்தா நூல் நம்பர் வந்துடும். 25 கிரெய்ன் இருந்தா 40ஆம் நம்பர். 50 கிரெய்ன்னா 20. பத்து கிரெய்ன்னா 100. 840, 7000னு மிரட்டுற எண்களை வச்சு ஆரம்பிச்ச கணக்கு கடைசியில வாய்க்கணக்கா முடியுது. பயன்படுத்துறவனுக்கு உள்ளே ஓடுற சிக்கல் தெரியக் கூடாது, நிரல் எழுதுற நாங்க இதைத்தான் நல்ல வடிவமைப்புன்னு சொல்லுவோம். லங்காஷயர் நூற்பாலைக்காரங்க கிட்ட நாங்க பாடம் கேட்கலாம்.

இதால எவனுக்கு என்ன லாபம்?

இருக்கு. காசு லாபம்.

எங்க மாமா கைத்தறி ஓட்டுறவர். ஒரு வியாபாரி கிட்ட (பேர் வேணாம், ஊரும் வேணாம்) 40ஆம் நம்பர்னு பத்து பவுண்டுக் கட்டு வாங்கினார். பாவு ஓட்டி, ஊடை போட்டு நெய்துட்டு வந்தா, கணக்குப்படி வர வேண்டிய துணி வரலை, கடைசியில நூல் பத்தலை. கேட்டதுக்கு "எடை போட்டுத்தானே கொடுத்தேன், எடை சரியாத்தானே இருந்தது?"ன்னு பதில். எடை சரிதான். அதுலதான் விளையாட்டே.

நூல் விக்கிறது எடையில. துணி ஆகுறது நீளத்துல. ரெண்டுக்கும் நடுவுல பாலம் அந்த நம்பர். 40ன்னு சொல்லி 38ஆம் நம்பர் நூலைக் கொடுத்தா என்ன ஆகும்? பத்து பவுண்டுக்கு 400 சிட்டம் வர வேண்டியது 380தான் வரும். குறையுறது 20 சிட்டம். 20 × 840 = 16,800 கெஜம். பதினஞ்சு கிலோமீட்டர் நூல்! தராசுல ஒரு கிராம் குறையாது, ஆனா பதினஞ்சு கிலோமீட்டர் காணோம். ஜலகண்டாபுரத்துல இருந்து நடந்து போனா பக்கத்து ஊரையே தாண்டிடலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேணுமா? வேணாம். ஒரு பலகையில 27 அங்குல இடைவெளியில ரெண்டு ஆணி அடிங்க. ஒரு சுத்து 54 அங்குலம், அதாவது ஒண்ணரை கெஜம். ஆமா, மேல பார்த்த அதே 54தான், நூல் சோதிக்கிற ராட்டையோட சுற்றளவும் இதே. 80 சுத்து சுத்தினா 120 கெஜம், ஒரு லீ. அதை எடை போடுங்க. கிரெய்ன் தேடி அலைய வேணாம், 64.8ஐ கிராம் எடையால வகுத்தா நேரா நம்பர் வந்துடும். 40ஆம் நம்பர்னா 1.62 கிராம் இருக்கணும். 38ன்னா 1.71 கிட்ட காட்டும். 0.01 கிராம் வரைக்கும் காட்டுற கையடக்கத் தராசு இப்ப சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்குது. ஒரே இடத்து நூலை மட்டும் பார்க்காம, அஞ்சாறு சிட்டத்துல இருந்து எடுத்து சராசரி பாருங்க. ஒரே இழுவையில சுத்துங்க. முக்கியமா நூல் ஈரமா இருக்கக் கூடாது. பருத்தி காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கும், நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரம் என்பது வியாபாரத்துலயே ஒத்துக்கிட்ட கணக்கு. அதுக்கு மேல இருந்தா நீங்க தண்ணிக்குக் காசு கொடுக்குறீங்கன்னு அர்த்தம்.

அடுத்த தடவை மாமா பலகையும் கையுமா கடைக்குப் போனார். "என்னங்க மாப்ள, இவ்வளவு லேசா இருக்கு"ன்னு அவருக்கே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் வேற. இருபது வருஷமா பாவுக் கணக்கு, ஊடைக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் மனசுலயே போடுற மனுஷன், "நமக்குக் கணக்கெல்லாம் வராதுங்க மாப்ள, படிச்சவங்க சமாச்சாரம்"னு சொல்றார். யார் சொன்னது இவருக்கு அப்படி? பள்ளிக்கூடம்தான் சொல்லியிருக்கணும்.

மீ.பொ.ம. பாடத்துல என்ன கணக்கு வருது? மூணு கோயில் மணி, 6 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்குது, மறுபடி எப்போ ஒண்ணா அடிக்கும்? என் ஆயுசுல அப்படி ஒரு கோயிலைப் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரு சிட்டம் காயப் போட்டிருக்கிற ஊர்ல, அந்தச் சிட்டத்தோட நீளமே 1 முதல் 8 வரைக்குமான மீ.பொ.ம.ன்னு எனக்கு ஒரு வாத்தியாரும் சொல்லலை. அவங்களைக் குத்தம் சொல்லலை, அவங்களுக்கும் யாரும் சொல்லலை. பாடப்புத்தகம் ஊரைப் பார்க்கலை, ஊர் பாடப்புத்தகத்தைப் பார்க்கலை.

வரக்கூடிய எதிர்க்கட்சி வாதங்கள்

"இதெல்லாம் காலாவதியான கெஜக் கணக்கு, டெக்ஸ்னு சர்வதேச அளவு வந்தாச்சே?" வந்தாச்சு. ஆயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். சுலபம்தான், அதையும் சொல்லிக் கொடுக்கட்டும். 40ஆம் நம்பர் நூல் 14.76 டெக்ஸ். ஆனா சந்தையில புழங்குறது எதுவோ, ஏமாத்து நடக்குறது எதுலயோ, அதுல கணக்குத் தெரியணும். டெக்ஸ் கடைக்கு வர்றப்ப டெக்ஸ்ல பார்த்துக்கலாம்.

"குழந்தைகளுக்கு ஒரு பிரமிப்பு வேணும்ல, அதுக்கு 1729தானே சரி?" பிரமிப்பு வேணாம்னு சொல்லலை. பிரமிப்புக்கு அப்புறம் கைக்கு வேலை வேணும். 1729 = 7 × 13 × 19, காரணி எட்டே எட்டு. அதைக் கேட்டு வாயைப் பிளக்கலாம், அதுக்கப்புறம் பையன் பண்ண ஒண்ணும் இல்லை. 840ஐக் கொடுத்தா பிரிச்சுப் பார்ப்பான், அடுக்கை மாத்திப் பார்ப்பான், பலகையில நூல் சுத்திப் பார்ப்பான், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பா வாங்கின நூலை எடை போட்டுப் பார்ப்பான். ராமானுஜன் போன பாதையில ரெண்டு எட்டு அவனும் வச்ச மாதிரி இருக்கும்.

"எல்லா ஊர்லயும் தறி இருக்கா?" இல்லை. நாமக்கல்ல முட்டை இருக்கு, அங்க தட்டுக்கு 30 முட்டை, அதுல ஆரம்பிங்க. ஒவ்வொரு ஊருக்கும் அது புழங்குற எண் ஒண்ணு இருக்கும். அதைத் தேடி எடுக்கிறது உள்ளூர்க்காரன் வேலை. எங்க ஊருக்கு நான் எடுத்துட்டேன், உங்க ஊருக்கு நீங்க எடுங்க.

அடுத்த டிசம்பர் 22க்கு எங்க பக்கத்துப் பள்ளிகள்ல ஒரு தராசு, ஒரு பலகை, நாலு சிட்டம் நூல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்னு இருக்கேன். நூல் செலவு மாமா ஏத்துக்கறேன்னுட்டார், தராசு என்னோடது. பேச்சுப் போட்டியும் நடக்கட்டும், பஜ்ஜியும் இருக்கட்டும்.

போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. 840ல 9 இல்லை, அதனால ஒரு சிட்டத்தை ஒன்பதாப் பிரிச்சா மீதி நிக்கும். 1 முதல் 10 வரைக்கும் எல்லாத்தாலயும் கெஜம் முழுசாப் பிரியணும்னா குறைஞ்சது எத்தனை சிட்டம் சேர்த்து முடியணும்? நிரல் எழுதாம, மனக்கணக்கா சொல்லணும். மாமா ஒரு நிமிஷத்துல சொல்லிட்டார். படிச்ச நாம எவ்வளவு நேரம் எடுக்குறோம்னு பார்ப்போம் :-)